கொம்பும் அரவும் பிரிந்த கதை

கப்பல்துறைச் சீலா சிரித்தால் கண்டி வீதியில் போகிற பஸ்ஸுக்கும் கேட்கும் என்பார்கள். அது கொஞ்சம் கூட்டிச் சொல்வது. ஆனால் அவள் ஓட்டுகிற பள்ளிக்கூட வானில் போகும் பிள்ளைகள், "சீலா அன்ரி சிரிச்சாலே மாடு விலகும், ஹோன் அடிக்கத் தேவையில்லை" என்பதில் உண்மை இருந்தது.

வயது நாற்பத்தைந்து. காலையில் கப்பல்துறையிலும் சீனக்குடாவிலும் பிள்ளைகளை ஏற்றி, திருகோணமலை டவுனில் இறக்குவாள். பள்ளிக்கூடம் விடும்வரை டவுனிலேயே வானோடு நிற்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தோலிக்கக் கோயிலில் ஓகன் வாசித்துப் பாடகர் குழாமை நடத்துவாள். கன்னியாஸ்திரிமாரிடம் படித்த காலத்தில் ஐந்து கோட்டில் சுரம் எழுதப் பழகியது இன்றுவரைக்கும் கைகொடுத்தது. ஒரு பாட்டை நான்கு குரலுக்கும் பிரித்து எழுதி, ஆளுக்கொரு பிரதி கையாலேயே எழுதிக் கொடுப்பாள். அதில்தான் அவளுக்கு விரல் நோகும்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் லப்டொப்பும் போனும் திருத்தும் கடை வைத்திருக்கும் ஷிஃபானாதான் அதற்கு ஒரு வழி சொன்னாள். ஷிஃபானா கிண்ணியாக்காரி, சீலாவைவிடப் பத்து வயது இளையவள், கதைக்கும்போதே ஸ்குரூ கழற்றுகிறவள். யாரோ கைவிட்ட ஒரு லப்டொப்பைச் சரிசெய்து, அதில் 'டிரெபிலோ' என்ற சுரம் எழுதும் மென்பொருளையும் போட்டு, சீலாவின் கையில் கொடுத்தாள்.

"இது சும்மா கிடைக்கிறது அக்கா. திருட்டுச் சாமானும் இல்ல. எழுதுங்க, பிறின்ற் எடுங்க, பாடுங்க."

சீலா எழுதினாள். திருநாளுக்கென்று தானே கட்டிய பாட்டு. "தோணி ஏறி வந்த தேவா" என்று தொடங்கும். சுரங்களைப் போட்டு முடித்தபின் சொற்களை ஒட்டி, சொல்லைச் சுரத்துக்குச் சுரம் தானே பிரித்து வைக்கும் பொத்தானை அழுத்தினாள். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஆகிவிட்டது. ஷிஃபானாவின் கடையில் அவசரமாகப் பிரதி எடுத்து, பார்க்காமலே பைக்குள் வைத்துக்கொண்டு வானுக்கு ஓடினாள்.

அன்று பின்னேரம் ஒத்திகை. எல்லோரும் தாளைக் கையில் எடுத்தார்கள். மீன்சந்தையில் ஏலம் கூறுகிற பேணாட் அண்ணைதான் குழாமின் அடிக்குரல். அவர் தாளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார், தூரக் கொண்டுபோனார்.

"சீலா, இந்த வட்டத்துக்கு என்ன பாடுறது?"

"எந்த வட்டம் அண்ணை?"

ஓகனில் சுரம் பிடித்துக்கொண்டிருந்த சீலா திரும்பிப் பார்க்கவில்லை. "ஓ எண்டு பாடுங்கோ" என்று யாரோ பின்னால் இருந்து சொன்னார்கள். பேணாட் அண்ணை ஒன்றை நம்பினால் முழுமனதோடு நம்புகிறவர். சீலா கையைத் தூக்க, அத்தனை பேரும் தொடங்கினார்கள்.

"த… ஓ… ண… ஓ… ஏ… ற… ஓ… வ… ந… ஓ…"

மென்பொருள் 'தோணி' என்ற சொல்லைத் 'தோ', 'ணி' என்று பிரிக்காமல், எழுத்தை வேறு அதன் குறியை வேறு என்று வெட்டி வைத்திருந்தது. முதல் சுரத்துக்குக் கீழே வெறும் 'த'. அடுத்த சுரத்துக்குக் கீழே ஓகாரக் குறியின் கொம்பும் அரவும் ஒரு புள்ளிவட்டத்தைக் கட்டிப்பிடித்தபடி. அதற்கடுத்து 'ண'. பிறகு இகர விசிறி வைத்த இன்னொரு வட்டம். சொல் இப்படித் துண்டுதுண்டாகப் பெருகியதில் சுரம் எல்லாம் முடிந்துவிட்டது, சொல் முடியவில்லை. ஓகன் நின்ற பின்னும் பேணாட் அண்ணை மட்டும் மிச்சச் சொல்லைத் தன் இஷ்டத்துக்கு ஒரு ராகத்தில் பாடிக்கொண்டு போனார்.

வாசலில் நின்ற பாதர், "இது லத்தீன் பாட்டோ பிள்ளை?" என்று கேட்டார்.

சீலா தாளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது. ஓகனில் தலையைக் கவிழ்த்துச் சிரித்ததில் நெற்றி கட்டையில் பட்டு, ஓகனும் அலறியது. அதோடு குழாம் முழுக்கச் சிரிக்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு ஒத்திகை அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்தத் தாளோடு ஷிஃபானாவிடம் போனாள்.

"நல்ல மென்பொருள் தந்தனீர்! கோயிலிலை எல்லாரும் ஓ, ஓ எண்டு குளறுதுகள்."

ஷிஃபானா பார்த்துவிட்டுக் கதிரையோடு பின்னால் சாய்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைச் செஞ்சவங்களிட்டச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

"கொம்பனிக்கு எழுதினா ஆர் பாக்கப்போகினம்?"

"கொம்பனி இல்ல. உலகத்தில அங்கங்க இரிக்கிற ஆக்கள் சேர்ந்து, நேரம் கிடைக்கிறப்ப செய்றாங்க. உள்ளுக்க என்ன எழுதியிரிக்கெண்டும் திறந்து வெச்சிரிக்காங்க. ஆரும் பாக்கலாம், ஆரும் திருத்தலாம்."

"சம்பளம் இல்லாமலோ?"

"நீங்க பாட்டுப் பழக்குறதுக்குச் சம்பளமா எடுக்குறீங்க?"

சீலாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. வானுக்குப் போய், உட்துறைமுக வீதியில் மரநிழலில் நிறுத்தி, போனை எடுத்தாள். ஆங்கிலத்தில் எழுதத் துணிவு வரவில்லை. தமிழில் எழுதி, போனிலேயே மொழிபெயர்த்து, டிரெபிலோக்காரர் குறைகளை எழுதச் சொல்லும் பக்கத்தில் ஒட்டினாள். அவள் எழுதியது இதுதான்: "கொம்பும் அரவும் எழுத்தை விட்டுட்டுத் தனியப் போகுது. விசிறி பறந்திட்டுது. குத்து கழண்டு கீழை நிக்குது. தயவுசெய்து உதவி செய்யுங்கோ."

ஆகாரத்துக்குப் போடும் காலை இந்தப் பக்கத்தில் அரவு என்பார்கள். இகரத்துக்குப் போடும் வளைவு விசிறி, மெய்யெழுத்தின் மேல் வைக்கும் புள்ளி குத்து. போனுக்கு இதெல்லாம் தெரியுமா? அது அரவைப் பாம்பாக்கியது, குத்தைக் கத்திக்குத்தாக்கியது. ஒரு கொம்பும் ஒரு பாம்பும் ஓடிவிட்டன, காற்றாடி பறந்துவிட்டது, கீழே கத்திக்குத்து நடக்கிறது, உதவி தேவை என்று உலகத்துக்கு அறிவித்தது.

பதில் வந்தது. எழுதியவள் பின்லாந்தில் இருக்கும் ஐனோ என்ற பெண். தபால்கந்தோரில் வேலை, ஓய்வு நேரத்தில் டிரெபிலோவைப் பார்த்துக்கொள்பவர்களில் ஒருத்தி. "அன்புள்ள சீலா, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்களா? நாங்கள் சுரம் எழுதும் மென்பொருள் செய்கிறவர்கள். பொலிஸுக்குச் சொல்லிவிட்டீர்களா?"

போனில் அதைத் தமிழாக்கி வாசித்தவுடன் சீலா சிரித்த சிரிப்பில், வானுக்குப் பக்கத்தில் படுத்திருந்த மான்கள் எழும்பி நின்றன. திருகோணமலை டவுனில் மாடுகளைப்போல ஆட்களுக்குள் திரிகிற மான்கள் அவை, எதற்கும் எழும்பாதவை.

இந்தமுறை தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். எப்படி வரவேண்டும் என்று பேனையால் எழுதி இன்னொரு படம். ஐனோவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் அவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது. "எங்கள் ஆட்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. நாங்கள் திருத்தினால் சரியோ பிழையோ என்று எங்களுக்கே தெரியாது. சொல்லைப் பிரிக்கும் பகுதி சின்னக் கோப்புத்தான். நீங்களே திருத்திப் பார்க்கிறீர்களா? நான் உங்களோடு கூட நிற்கிறேன்."

"எனக்கு ஏலாது" என்று ஷிஃபானாவிடம் சொன்னாள் சீலா. "நான் வான் ஓட்டுறவள்."

"வான்ர எஞ்சினை ஆரு பாக்குறது?"

"நான்தான்."

"அப்ப இதையும் பாருங்க."

கோப்பைத் திறந்தபோது சீலாவுக்குத் தலை சுற்றியது. எல்லாம் ஆங்கிலச் சொல், அடைப்புக்குறி, இடைவெளி. இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு ஒருநாள் வானில் சும்மா இருக்க ஏலாமல் திரும்பத் திறந்தாள். ஐனோ ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று எளிய ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். சொல்லை எடு. ஒரு குறியை வெட்டு. ஒரு சுரத்துக்குக் கீழே வை. அடுத்த குறியை வெட்டு. கணினி 'தோ' என்பதை ஒரு எழுத்தாக வைத்திருப்பதில்லை, 'த'வை ஒன்றாகவும் அதன் குறியை இன்னொன்றாகவும் அடுக்கி வைத்திருக்கிறது என்று அப்போதுதான் சீலாவுக்கு விளங்கியது. வெட்டு என்று சொன்னால் அது பாவம் வெட்டத்தானே செய்யும்!

ஆகவே வெட்டுவதற்கு முன்னால் ஒரு தரம் பார் என்று சொல்லவேண்டும். அடுத்து நிற்பது குறியோ குத்தோ என்றால் வெட்டாதே. இவ்வளவுதான் விஷயம். இதை நிரலுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்ல அவளுக்கு மூன்று கிழமை எடுத்தது. ஒருநாள் இடைவெளி கூடியதால் ஓடாது, இன்னொருநாள் அடைப்புக்குறி குறைந்ததால் ஓடாது. ஷிஃபானாவுக்கு அழைப்பு எடுத்து, ஒரு கையில் போனும் மற்றக் கையில் இடியப்பப் பார்சலுமாக வாதாடுவாள். குறிப்புகளைத் தாளில் எழுதிப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குனிந்த நேரம், ஒரு மான் கதவால் தலையை நீட்டித் தாளைச் சாப்பிட்டுவிட்டது. அன்றைக்கு முழுதாகத் திரும்ப யோசிக்கவேண்டி வந்தது. திரும்ப யோசித்ததில் முன்னதைவிடச் சுருக்கமாக வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ஒரு வியாழக்கிழமை பத்துமணிபோல், திரையில் 'தோ' வந்தது. அடுத்த சுரத்துக்குக் கீழே 'ணி' வந்தது. 'ஏ'. 'றி'.

சீலா ஹோனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வழிவிட்டு ஒதுங்கினார்கள். "சொறி, சொறி!" என்று கையசைத்துவிட்டுத் திரும்பவும் அடித்தாள்.

ஆனால் பாடிப் பார்த்தபோது 'வந்த' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டது. 'வ', 'ந்', 'த' என்று மூன்றாக நின்றது. 'ந்' என்று தனியாக எப்படிப் பாடுவது? பேணாட் அண்ணையிடம் கொடுத்தால் அதையும் பாடிவிடுவார், அதுதான் பயம். எனவே இன்னொரு வரி சேர்த்தாள்: குத்து வைத்த எழுத்து வந்தால், அதை முன்னால் போகிற எழுத்தோடு ஒட்டு. 'வந்', 'த'. கதை முடிந்தது. அனுப்பினாள்.

ஐனோ பார்த்தாள், இரண்டு இடத்தில் இடைவெளியைச் சரிசெய்யச் சொன்னாள், ஏற்றுக்கொண்டாள். 'சேர்க்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்லும் அதற்குக் கீழே சீலாவின் பெயரும். பிரேசிலில் இருந்து ஒருவர், கொரியாவில் இருந்து ஒருவர், கைதட்டுகிற படங்கள் போட்டிருந்தார்கள்.

கடைக்குள் ஓடிவந்த சீலா ஷிஃபானாவை இழுத்து எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். திருத்தக் கொண்டுவந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவர், "என்ன, கலியாணமா?" என்று கேட்டார்.

"அதைவிடப் பெரிசு!" என்றாள் ஷிஃபானா. மறுநாள் உம்மாவிடம் சொல்லி வட்டிலப்பம் செய்வித்துக் கொண்டுவந்தாள். பேணாட் அண்ணை அதில் இரண்டு துண்டு சாப்பிட்டபடி, "அப்ப இனி உலகத்திலை ஆர் தமிழிலை பாட்டு எழுதினாலும் உன்ர வரிதான் பிரிக்குமோ?" என்று கேட்டார். சீலா அப்படி யோசித்துப் பார்த்திருக்கவில்லை. யோசித்ததும் கால் நிலத்தில் நிற்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க வானில் பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம்.

டிரெபிலோவின் புதிய பதிப்பு வெளிவந்தது. இரண்டு நாள் கழித்து, குறைகள் பக்கத்தில் முதல்முறையாக ஒருவர் தமிழிலேயே எழுதியிருந்தார். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நின்றபடி சீலா வாசித்தாள்.

"மதிப்பிற்குரிய ஐயா, புதிய பதிப்பில் 'ஸ்ரீ' என்று எழுதிப் பிரிக்கும் பொத்தானை அழுத்தியதும் மென்பொருள் மூடிக்கொள்கிறது. எழுதியது யாவும் அழிந்துபோகிறது. சரஸ்வதி பூசைக்கு மாணவர்களின் பாண்ட் வாசிக்கவேண்டும். ஆவன செய்க. இங்ஙனம், சோமசேகரம்."

சீலா அந்த இடத்திலேயே லப்டொப்பைத் திறந்து 'ஸ்ரீ' என்று எழுதினாள். டிரெபிலோ சத்தமில்லாமல் காணாமல் போனது. திரும்பத் திறந்து 'ஸ்தோத்திரம்' என்று எழுதினாள். அதற்கும் விழுந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. குத்து வைத்த எழுத்தை முன்னால் நிற்கிறதோடு ஒட்டு என்று சொன்னவள் அவள்தான். சொல்லின் முதலெழுத்தே குத்தெழுத்தாக இருந்தால்? 'ஸ்ரீ'யும் கணினிக்கு 'ஸ்', 'ரீ' என்றுதானே இருக்கிறது. முன்னால் ஒன்றுமில்லை. இல்லாததைத் தேடிப்போய் நிரல் குழியில் விழுந்துவிட்டது.

எழுதியது யாவும் அழிந்துபோகிறது என்ற வரி அவளைச் சுட்டது. வெட்கத்தோடு ஐனோவுக்கு எழுதினாள்: பிழை என்னுடையது, மன்னிக்கவும், என் வரியை எடுத்துவிடுங்கள்.

ஐனோவின் பதில் வர நேரமாகவில்லை. "வரவேற்கிறேன்! நான் முதன்முதலில் திருத்தியபோது உலகத்தில் எல்லோருடைய சுரங்களும் தலைகீழாக அச்சாகின. ஒரு இசைக்குழு அதைக் கவனிக்காமல் வாசித்தும்விட்டது. வரியை எடுக்கவேண்டாம், திருத்துவோம். அந்த மனிதரிடம் இன்னும் எந்தச் சொற்கள் விழுகின்றன என்று கேளுங்கள். எங்களில் ஒருவருக்கும் அவர் எழுதியது விளங்கவில்லை."

சீலா சோமசேகரத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினாள். நல்ல தமிழில் எழுதியவருக்கு நல்ல தமிழில்தான் பதில் எழுதவேண்டும்.

"மதிப்பிற்குரிய திரு. சோமசேகரம் அவர்களுக்கு, தவறு என்னுடையது. விரைவில் திருத்துவோம். தாங்கள் எந்த நாட்டில் இருந்து எழுதுகிறீர்கள்?"

"இலங்கை. தாங்கள் சிங்கப்பூரா, கனடாவா?"

"நானும் இலங்கைதான். கப்பல்துறை."

அடுத்த கேள்வி உடனேயே வந்தது. 

"எந்தக் கப்பல்துறை?"

"சீனக்குடாவுக்குப் பக்கத்தில்."

"அம்மா! நான் சாம்பல்தீவு! டவுனுக்கு அங்காலைதான்!"

அதற்குப் பிறகு நல்ல தமிழ் இருவரிடமும் நிற்கவில்லை. "கோயிலிலை ஓகன் வாசிக்கிற சீலா ரீச்சரோ?" என்றார் அவர். "ரீச்சர் இல்லை, வான்" என்றாள் அவள். "நீல வானோ? சீனக்குடாவிலை இருக்கிற என்ர அக்காவின்ர மகள் உங்கட வானிலைதான் வாறவள்!" உலகத்துக்கெல்லாம் திறந்திருந்த அந்தப் பக்கத்தில் இந்தக் கதை ஓடிக்கொண்டே போனது. பிரேசில்காரர் மொழிபெயர்த்து வாசித்துவிட்டு, ஒரு நீலநிற வானுக்கும் இந்தக் குறைக்கும் என்ன தொடர்பு என்று பணிவாகக் கேட்டார்.

சனிக்கிழமை சோமசேகரம் மோட்டார் சைக்கிளில் ஷிஃபானாவின் கடைக்கு வந்து இறங்கினார். நாற்பது வயதுக்காரர். பிள்ளைகளுக்கு எக்காளமும் மேளமும் பழக்குகிறவர். ஆள் மெல்லிசு, குரல் எக்காளம். கையில் அவர் பாட்டு. அழிந்ததை நினைவில் இருந்து மறுபடி எழுதியிருந்தார்.

"எனக்குப் பெரிய கோவம் இருந்தது" என்றார் சீலாவைப் பார்த்து. "ஆரோ குளிரூட்டின அறைக்குள்ளை இருந்து எங்கட எழுத்தோடை விளையாடுறான் எண்டு நினைச்சனான்."

"குளிரூட்டின அறையோ! வான் கதவைத் திறந்து வைச்சால்தான் எனக்குக் காத்து."

மூன்று பேரும் ஒரு மேசையில் குனிந்தார்கள். சொல்லின் தொடக்கத்தில் குத்தெழுத்து வந்தால் பின்னால் வருகிறதோடு ஒட்டவேண்டும் என்று சீலா ஒரு வரி எழுதினாள். சோமசேகரம் வாய்க்கு வந்த சொல்லையெல்லாம் போட்டு அடித்துப் பார்த்தார். 'ஸ்ரீ' நின்றது. 'ஸ்வரம்' நின்றது. 'ஸ்தோத்திரம்' நின்றது. நிற்கிற ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மேசையில் ஒரு தாளம் போட்டார். ஷிஃபானா 'பிஸ்மில்லாஹ்' என்று அடித்தாள். அதுவும் நின்றது, 'பிஸ்', 'மில்', 'லாஹ்' என்று அழகாக. "இதைப் பாட்டாப் பாடப்போறீரோ?" என்று சீலா கேட்க, "விழுமா எண்டு பாத்தன்" என்றாள் ஷிஃபானா. பிறகு சோமசேகரம் 'பக்ஷி' என்று அடித்தார். 'பக்', 'ஷி' என்று பிளந்து நின்றது. 'க்ஷி' பிரியாமல் ஒரே எழுத்தாக நிற்கவேண்டியது.

"எங்களுக்கு இன்னும் வேலை கிடக்கு" என்றார் சோமசேகரம். அவர் குரலில் கவலையே இல்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் கதிரை போதவில்லை. 'பக்ஷி'யை நானே பார்க்கிறேன் என்று சோமசேகரம் பிடிவாதமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். ஐனோவும் மற்றவர்களும் கலந்து கதைத்து, இனித் தமிழ் சம்பந்தமான திருத்தங்களைச் சீலாவே பார்த்து ஏற்றுக்கொள்ளலாம் என்று அவளுக்கு உரிமை கொடுத்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது அவள் சீனக்குடாச் சந்தியில் பிள்ளைகளோடு நின்றாள். "அன்ரி ஏன் அழுறீங்க?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "அழேல்லை, இது வேற" என்றாள்.

அடுத்த கிழமை ஒருநாள் பதினொரு மணிபோல் வானில் இருந்தபோது சோமசேகரத்தின் முதல் திருத்தம் வந்தது. சின்னது. சீலா வாசித்தாள், ஓட்டிப் பார்த்தாள். 'ப', 'க்ஷி'. ஒரு இடத்தில் இடைவெளி பிழை. சரிசெய்யச் சொல்லி எழுதினாள். அவர் சரிசெய்தார். ஏற்றுக்கொள்ளும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவருக்கு அழைப்பு எடுத்தாள்.

"சேர், அமத்தப்போறன். கேட்டுக்கொண்டிருக்கிறீங்களோ?"

"நில்லுங்கோ, நில்லுங்கோ! பிள்ளையளும் கேக்கட்டும்" என்றார் அவர். போனுக்குள் கதிரைகள் இழுபடும் சத்தமும் யாரோ எக்காளத்தை ஊதி ஏச்சு வாங்குவதும் கேட்டன. "ம், இப்ப!"

சீலா அழுத்தினாள். போனுக்குள் சாம்பல்தீவில் ஒரு பாண்ட் முழுவதும் ஒரே நேரத்தில், ஆளுக்கொரு சுரத்தில், வெடித்தது.